பழைய மரம் கொடுத்துப் புதிய மேசை வாங்குவோம்



வத்தேகமவிலிருந்து பன்வில, மடுல்கலைப் பக்கம் போகும் பாதையில் உள்ள தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு காம்பராவில், தரம் பத்தில் படிக்கும் பிள்ளை புது பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தது. புத்தகமோ மடியில் இருந்தது. எழுத வேண்டுமானால் கதிரையை விட்டு இறங்கித் தரையில் உட்கார வேண்டும். "கதிரை வாங்கிட்டீங்க, மேசை எங்கம்மா?" என்று தாயிடம் கேட்டோம்.

"அத ஏன் கேக்குறீங்க!" என்று அந்த அம்மா சொன்ன கதைதான் இந்த மாதப் பாடம்.

அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டபோது ஆறு கைமரங்கள் மிஞ்சின. துரை, "நீங்களே வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டார். மரங்கள் குசினிச் சுவரோரம் மழையில் கறுத்துக் கிடந்தன. பழைய சாமான் எடுக்கும் ஒருவர் வந்து, "அக்கா, இந்த உக்கிப்போன கட்டைய வச்சி என்னா செய்யப் போறீங்க? ஒரு கதிரை தர்றேன், எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார். கட்டை போய்க் கதிரை வந்தது. பிறகுதான் டவுனில் ஒரு தச்சு பாஸ் அவர்களிடம், "அது பலா மரம். மேலேதான் கறுப்பு, உள்ளே மஞ்சள். அதிலே ஒரு மேசையும் வாங்கும் செய்து, மிச்சத்தை என் கூலிக்கே எடுத்திருப்பேனே" என்று சொன்னாராம்.

பழைய சாமான்காரர் பொய் சொன்னார் என்று சண்டைக்குப் போக முடியாது. அவர் கேட்டார், நாம் கொடுத்தோம். குறை எங்கே என்றால், நம்மிடம் இருந்தது என்ன, எவ்வளவு என்று நமக்கே தெரியாததுதான். பணம் இல்லாத வீட்டில் பண்டமாற்று நல்ல வழி. ஆனால் கணக்கில்லாத பண்டமாற்று நஷ்டத்தில்தான் முடியும். கணக்கோடு அதைச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

நமக்குப் பழகிய காரியம்தான்

பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவது நமக்குப் புதிது அல்ல. தமிழ்நாட்டில் பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

பழையதைத் தட்டுமுட்டுச் சாமானாக மாற்றுவதும் நமக்குத் தெரிந்ததே. தேயிலைத் தூள் ஒட்டுப்பலகைப் பெட்டியில் ஏற்றுமதியான காலத்தில், உடைந்த பெட்டியும் கழித்த பெட்டியும் லயத்துக்கு வந்தன. அதுவே அரிசிப் பெட்டி, துணிப்பெட்டி, சாமிப்படம் வைக்கும் மேடை, பிள்ளை எழுதும் மேசை. பிறகு ஒட்டுப்பலகைப் பெட்டிக்குப் பதிலாகக் கடதாசிச் சாக்குகள் வந்தன. பெட்டியும் போயிற்று, பெட்டி மேசையும் போயிற்று.

இன்னும் பின்னால் போனால், கண்டிச் சீமையில் தேயிலைக்கு முன்னால் இருந்தது காப்பி. 1869ஆம் ஆண்டு காப்பிச் செடியில் இலைநோய் காணப்பட்டது. பதினைந்து, இருபது வருடத்துக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. பட்டுப்போன காப்பி மரங்களைப் பிடுங்கி, பட்டை உரித்து, கப்பலில் இங்கிலாந்துக்கு ஏற்றினார்கள் என்றும், அங்கே அவை தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்றும் தேயிலை வரலாறு எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். தோட்டமே அழிந்த நேரத்திலும் கட்டைக்கு ஒரு விலை இருக்கிறது என்று தோட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கட்டையைப் பிடுங்கிய நமது முன்னோருக்கு மேசை கிடைக்கவில்லை.

துண்டு சொல்லும் பாடம்

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. ஒரு குடும்பம் தோட்டம் மாறிப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இவர்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். அந்தக் கடன் மறுபடி அதே ஆளின் தலையிலேயே ஏறும். கொடுத்த அரிசிக்கும் கம்பளிக்கும் சம்பளத்தில் பிடித்தார்கள். என்ன கொடுத்தார்கள், என்ன பிடித்தார்கள் என்று வாசித்துப் பார்க்க முடியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது.

இந்தப் பழைய கதை ஏன்? உழைப்பைக் கொடுத்துப் பொருள் வாங்கும்போது கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்தால், மற்றவர் கடன்காரராகிறார். இன்று நமது பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இந்தத் தடவை துண்டை நாமே எழுதுவோம். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது: மரம் யாருடையது?

லயக்கூரை, பழைய ஸ்டோர், இடிந்த குவார்ட்டர்ஸ், மலையில் விழுந்த மரம் இவையெல்லாம் கழித்துப் போட்டவை என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் எழுத்தில் கிடைக்கும்வரை அவை தோட்டத்தின் சொத்து. "துரை வாயால சொன்னாரு" என்பது, துரை மாறிப் போன பிறகு உதவாது. என்ன மரம், எத்தனை துண்டு, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தோட்டக் காரியாலயத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். இன்றேல் நல்ல மனதோடு எடுத்த பலகையே திருட்டு வழக்காக வந்து நிற்கும்.

நிற்கும் மரத்தை வெட்டுவது வேறு விஷயம். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா போன்ற மரங்களை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. சொந்த வீட்டுத் தோட்டத்தில் நின்றாலும் அப்படித்தான். பழைய மரத்தை லொறியிலோ திரீவீலரிலோ டவுனுக்கு ஏற்றுவதானால், முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். காரியாலயக் கடிதமும் கையில் இருக்கட்டும். வழியில் பொலிஸார் நிறுத்தினால் அந்தக் கடிதம்தான் பேசும்.

இரண்டாவது: என்ன மரம்?

மழையில் கிடந்த மரம் எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரியும். ஓரத்தில் கத்தியால் ஒரு சிராய் சீவிப் பாருங்கள்.

பலா: உள்ளே மஞ்சள். நாள் போகப் போகத் தேன் நிறமாகும், பிறகு கபிலமாகும். வைர மரத்தைக் கறையான் எளிதில் தொடாது. கண்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கூரைக்கும் கதவுக்கும் இதையே அதிகம் போட்டார்கள். பழைய பலாவை விறகு விலைக்கு விடாதீர்கள்.

தேக்கு: கபில நிறம், எண்ணெய்ப் பசை, சீவினால் ஒரு வாசனை வரும். பழைய கதவு நிலைகளில் இருக்கலாம்.

சவுக்கு: தேயிலைக்கு நிழலுக்கு வைத்த மரம். பலகையில் பளபளவென்று புள்ளி ஓடும். மேசைப் பலகைக்கு அழகு. ஆனால் பூச்சி விழும். நன்றாகக் காய வைத்து மருந்து பூச வேண்டும்.

அல்பீசியா: கையில் எடுத்தாலே லேசு. பெட்டிக்கும் தட்டுக்கும் உதவும். மேசைக் காலுக்கு உதவாது.

தேயிலைக் கட்டை: பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது வருவது. நாம் மிலாறு போல அடுப்புக்கு எடுத்துவிடுகிறோம். அஸ்ஸாம் போன்ற இடங்களில் இந்தக் கட்டையையும் வேரையும் கழுவி, காய வைத்து, சிறு மேசைகளுக்குக் காலாக்கி மேலே கண்ணாடி போட்டு விற்கிறார்கள். நல்ல உறுதி. நிழலில் மெதுவாகக் காய வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

மரத்தைத் தட்டினால் "டங்" என்று சத்தம் வர வேண்டும். "பொத்" என்றால் உள்ளே உக்கியிருக்கிறது. ஓட்டையிலிருந்து மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தத் துண்டை மற்ற மரத்தோடு சேர்த்து வைக்காதீர்கள்.

மூன்றாவது: எவ்வளவு மரம்?

மரக்காலையில் மரத்தைக் கன அடியில்தான் விலை பேசுவார்கள். கணக்குச் சுலபம். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் அளந்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். பிள்ளையிடம் கொடுங்கள், போட்டுத் தரும்.

அந்த அம்மாவின் கைமரங்களை இப்படி வைத்துக்கொள்வோம். ஒன்று 9 அடி நீளம், 4 அங்குல அகலம், 2 அங்குலக் கனம்.

9 × 4 × 2 = 72. அதை 144ஆல் வகுத்தால் அரைக் கன அடி. ஆறு மரத்துக்கும் 3 கன அடி.

இனி மேசைக்கு எவ்வளவு வேண்டும்? 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 1 அங்குலக் கனத்தில் மேல்பலகை போட்டால் அதற்கு முக்கால் கன அடியில் பாதி. நான்கு கால்களும் 2 அங்குலச் சதுரத்தில் போட்டால் கால் கன அடி. சுற்றுச் சட்டங்கள் அதற்குச் சற்றுக் குறைவு. மொத்தம் ஒரு கன அடிக்குள் வந்துவிடும். 3 அடி வாங்கு ஒன்றுக்கு ஏறக்குறைய அரைக் கன அடி. ஆக, இரண்டுக்கும் ஒன்றரைக் கன அடி. வாள் கடிப்பதிலும் சீவுவதிலும் ஆணி ஓட்டைப் பகுதியைக் கழிப்பதிலும் கொஞ்சம் போகும். எனவே 2 கன அடி, அதாவது நான்கு கைமரம் என்று வைப்போம். 2 அங்குல மரத்தை இரண்டாகப் பிளந்து சீவினால் பலகை முழு ஓர் அங்குலம் வராது, சற்று மெலியும். பிள்ளை எழுதும் மேசைக்கு அது போதும்.

மீதி இரண்டு கைமரம், 1 கன அடி. அது பாஸின் கூலிக்கு. அது போதுமா என்று நாமாக முடிவு செய்யக்கூடாது. மரக்காலையில் அதே சாதி மரம் ஒரு கன அடி என்ன விலை என்று கேளுங்கள். இரண்டு இடத்தில் கேட்டால் நல்லது. பழைய மரத்துக்கு அதில் குறைத்துத்தான் மதிப்பார்கள். அதேபோல ஒரு தச்சு பாஸின் ஒரு நாள் கூலி என்ன, மேசைக்கும் வாங்குக்கும் எத்தனை நாள் வேலை என்றும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மரம் கூடினால் நமக்கு ஒரு தட்டு சேர்த்துச் செய்து தரச் சொல்லலாம். கூலி கூடினால் மிச்சத்தைப் பணமாகவோ, மரம் சீவும் நாளில் கூடமாட நின்று உதவியாகவோ தீர்க்கலாம். நாம் ஏமாறக்கூடாது என்பதுபோல, பாஸையும் ஏமாற்றக்கூடாது. அவரும் கைத்தொழிலாளிதான்.

நான்காவது: துண்டு எழுதுவோம்

ஒரு கொப்பித் தாள் போதும். இரண்டு பிரதி எழுதுங்கள். பாஸ் சிங்களவராக இருந்தால் சிங்களம் எழுதத் தெரிந்த பிள்ளையை வைத்து இரண்டு மொழியிலும் எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. நாம் கொடுக்கும் மரம்: சாதி, எண்ணிக்கை, நீள அகலம்.
2. பாஸ் செய்து தரும் பொருள்: அளவோடு. "ஒரு மேசை" என்று மட்டும் எழுதினால் போதாது.
3. எந்த மரத்தில் செய்வார்? நமது பலாவை வைத்துக்கொண்டு வேறு மரத்தில் செய்து தந்தால் கணக்குப் பிழைத்துவிடும்.
4. ஆணி, பசை, வார்னிஷ் யார் செலவு?
5. மிச்ச மரம் யாருக்கு?
6. எந்தத் திகதிக்குள்? தவறினால் என்ன?
7. இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி.

"தெரிஞ்ச மனுஷன், எழுத்து எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். தெரிந்த மனிதரோடு பகை வராமல் இருக்கத்தான் எழுத்து. மறதி எல்லாருக்கும் உண்டு, தாளுக்கு இல்லை.

மரம் குறைந்த வீட்டார் என்ன செய்வது?

ஒரு வீட்டில் இரண்டு கைமரம், இன்னொரு வீட்டில் ஒரு பழைய கதவு, மற்றதில் நாலு சலாகை. தனித்தனியே பார்த்தால் எல்லாம் விறகுதான். சீட்டுப் பிடிப்பது நமது பெண்களுக்குப் புதிது அல்ல. அதுபோல ஐந்து வீட்டார் சேர்ந்து மரத்தைப் பொதுவில் போட்டு, யார் எவ்வளவு போட்டார்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு முதல் மேசை. மற்றவர்களுக்கு முறைப்படி. மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ இதை ஏற்று நடத்தினால், பாஸிடம் ஒருமித்துப் பேசலாம். நமது இளைஞர் ஒருவர் கூட நின்று தொழிலும் பழகலாம்.

புதிதாகச் செய்வதுதான் வழி என்றும் இல்லை. காலாடும் கதிரை, பிரம்பு அறுந்த கதிரை, லாச்சி இல்லாத மேசை போன்றவை காரியாலயத்திலும் பாடசாலையிலும் கழித்துப் போடப்படும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழன்ற பொருத்தைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை போட்டுக் கயிற்றால் இறுக்கி ஒரு நாள் வைத்தால் பாதிக் கதிரைகள் எழுந்து நிற்கும்.

கவனம் தேவை

பழைய மரத்தில் வெட்டுவதற்கு முன் ஆணியைப் பிடுங்குங்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால், சிறு காயம்தானே என்று மஞ்சள் பூசிவிட்டு இருக்கக்கூடாது. கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்புவலி ஊசி போடுவது பற்றிக் கேளுங்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்தால் தூள் பறக்கும், பிள்ளைகளின் மூளைக்குக் கெடுதி. ஈரத் துணி வைத்து நனைத்துச் சுரண்டி, தூளைக் கூட்டி அகற்றுங்கள். அந்த நேரம் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். பெயின்ட் பூசிய மரத்தை அடுப்பில் எரிக்கவும் வேண்டாம்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை மேசைக்கோ தட்டுக்கோ எடுக்கவே கூடாது. அதை அறுத்தால், உடைத்தால் வரும் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயைத் தரும்.

பழையதுக்கு வெளியே உள்ள மதிப்பு

காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது, அந்தக் கதவும் தூணும் கதிரையும் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. பர்மாத் தேக்கு என்று தேடி வந்து வாங்குகிறார்கள். நமது நாட்டிலும் கந்தப்பளையில் ஓடாமல் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை இடிக்காமல், உள்ளே இருந்த பழைய பொறிகளையும் வைத்துக்கொண்டு, 1996இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். பழையது என்றால் கழிசல் என்று நினைப்பது நாம்தான். வாங்குகிறவர்கள் அப்படி நினைப்பதில்லை.

இன்று தோட்டங்களில் லயங்கள் மெதுவாக மாறி வருகின்றன. தனி வீடுகள் எழும்புகின்றன. பழைய காம்பராக்கள் பிரிபடும்போது கைமரம், தீராந்தி, கதவு நிலை எல்லாம் வெளியே வரும். லொறி ஒன்று வந்து ஒரு விலைக்கு அள்ளிக்கொண்டு போகும் முன், நமக்கு உரியது எது என்று கேட்டுத் தெரிந்து, அளந்து, எழுதி வைப்போம்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். ஆறு கைமரம் ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவாதா?

அந்த அம்மா இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? பக்கத்து லயத்தில் இரண்டு வீட்டாரோடு சேர்ந்து மரம் சேர்க்கிறார். மகள் கொப்பியில் கணக்கு எழுதுகிறாள். "இந்தத் தடவ அளக்காம ஒரு கட்டையும் வெளிய போவாது" என்கிறார்.

கூட்டத்தில் கலந்து பேசுவதற்கு

1. நமது வீட்டைச் சுற்றி என்னென்ன பழைய மரம், தகரம், இரும்பு கிடக்கிறது? அதில் எது நமது, எது தோட்டத்துடையது?
2. 6 அடி நீளம், 8 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள பன்னிரண்டு பலகைகள் எத்தனை கன அடி? (விடை: 4)
3. நமது லயத்தில் மேசை இல்லாமல் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? முதல் மேசை யாருக்கு?
4. எழுத்தில்லாமல் பொருள் மாற்றி நஷ்டப்பட்டவர் யாராவது உண்டா? அவர்கள் துண்டு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்?